கொக்கிக்காய்

ஃப்ரிட்ஜைத் திறந்ததும் பால் பாக்கெட்டுக்கும் தக்காளிக்கும் நடுவில் அந்தப் பிளாஸ்டிக் பை உட்கார்ந்திருந்தது. உள்ளே ஈரத்தாளில் சுற்றிய செடி. பையின் வாயைக் கட்டுவதற்கு முன்னால் யாரோ உள்ளே ஊதிக் காற்றடைத்திருந்ததால் அது பலூன்போல் உப்பியிருந்தது. இலையும் பூவும் நசுங்காமல் இருப்பதற்காக அப்படிச் செய்வார்கள். அவள் கணவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவர் கொண்டுவரும் செடிகள் சட்டைப் பையில் மடித்து வைத்த பஸ் டிக்கெட் மாதிரிதான் வீடு வந்து சேரும். இது அவள் தோழி குட்டையின் வேலை. பைக்குள் இருப்பது குட்டையின் மூச்சு என்ற நினைப்பு வந்தது. தன் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள், தன் பாலுக்குப் பக்கத்தில். பாலை எடுத்துக்கொண்டு, வேண்டியதைவிட வேகமாகக் கதவைச் சாத்தினாள்.

சாப்பாட்டு மேசையில் அவர்கள் இருவரும் ஏற்கெனவே எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு வெள்ளைத் தட்டு. விருந்தாளிகளுக்கு மட்டும் அவள் வெளியே எடுக்கும் தட்டு அது. அதில் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள், பட்டாணிப் பூவைச் சுருக்கி வைத்தாற்போல. குட்டை ஊசிமுனையால் ஒரு பூவைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் கைக்கண்ணாடியோடு குனிந்திருந்தார். இரண்டு தலைகளுக்கும் நடுவில் ஒரு டம்ளர் வைக்கும் அளவுக்குத்தான் இடமிருந்தது. அவள் டீ டம்ளரை அங்கேயே வைத்தாள்.

"பாத்து, பாத்து," என்றார் கணவர், தட்டைத் தன் பக்கம் இழுத்தபடி. "பூ மேல சிந்திடப் போவுது."

குட்டை நிமிர்ந்து சிரித்தாள். "நீயும் உக்காருடி. சார் இதைப் புதுசுங்கறார். நான் இல்லைங்கறேன். நீ யார் கட்சி?"

"எனக்கு அடுப்புல வேலை இருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

குட்டை என்பது கல்லூரியில் விழுந்த பெயர். இவள் நெட்டை. தாவரவியல் முதுகலை வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே நுண்ணோக்கியை மாற்றி மாற்றிப் பார்த்து, ஒரே குடையில் நனைந்தவர்கள். ஒருத்தி தனியாக வந்தால் வாத்தியார்கள், "இன்னொண்ணு எங்க?" என்று கேட்பார்கள். பிறகு குட்டை ஆராய்ச்சி என்று வேறு வேறு ஊர்களுக்குப் போய், அவரை, பட்டாணி, துவரை போன்ற பயறு வகைக் குடும்பத்துச் செடிகளில் பெரிய ஆளாகிவிட்டாள். நெட்டைக்குக் கல்யாணமாகி, ஒரு பெண் பிறந்து, கணவர் வேலை பார்க்கும் தாவர ஆராய்ச்சி நிலையத்திலேயே செடிகளைப் படம் வரைந்து கொடுக்கும் வேலை அமைந்தது. அதில் அவளுக்குக் குறையொன்றும் இருந்ததில்லை. புகைப்படத்தில் தெரியாததெல்லாம் அவள் பேனாவில் தெரியும் என்று நிலையத்தில் எல்லோரும் சொல்வார்கள். அந்த நிலையத்துக்கே குட்டை வேலைக்கு வருகிறாள் என்று தெரிந்தபோது அவள்தான் துள்ளிக் குதித்தாள். வாடகைக்கு வீடு கிடைக்கிறவரை நம் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவளும் அவள்தான். மகள் விடுதியில் தங்கிப் படிக்கப் போனதால் மாடி அறை சும்மாதான் கிடந்தது. புதுப் படுக்கை விரிப்பு வாங்கிப் போட்டாள். சன்னலோரம் இரண்டு நாற்காலிகளையும் போட்டு வைத்தாள். எத்தனை பேச்சு பாக்கி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பேச்செல்லாம் கீழேயே, சாப்பாட்டு மேசையிலேயே, அவள் பரிமாறிக்கொண்டிருக்கும்போதே நடந்து முடிந்துவிட்டது. அதுவும் அவளோடு இல்லை.

ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட புறவழிச்சாலையின் கரைமேட்டில், மழை விட்டதும் ஒரு பக்கம் முழுக்க மஞ்சள் பூத்திருந்ததைப் பஸ்ஸில் வரும்போது முதலில் பார்த்தவள் குட்டை. அன்றிலிருந்து காலையில் அலுவலகத்துக்கு முன்னால் அவளும் அவரும் அங்கே போய்விட்டுத்தான் வருவார்கள். அவர் காலை நடை போக வேண்டும் என்று மருத்துவர் சொல்லி, நெட்டை கெஞ்சி, மகள் மிரட்டி, எதற்கும் அசையாத மனிதர். இப்போது விடிவதற்குள் காலணியை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். இன்னொன்றும் அவள் கவனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. நெட்டையின் கல்யாணத்தில் குட்டை அவரை "அண்ணா" என்று கூப்பிட்டாள். பிறகு போனில் பேசும்போதெல்லாம், "அண்ணா எப்படி இருக்காங்க?" என்றுதான் விசாரிப்பாள். இங்கே வந்த பிறகு அது "சார்" ஆகிவிட்டது. அலுவலகத்தில் சார் என்றால் சரி. வீட்டில், ஈரத் தலையோடு நின்று சீப்பு கேட்கும்போதும் சாரா? ஒரு அண்ணா எங்கே தொலைந்துபோனான் என்று அவள் வெங்காயம் நறுக்கும்போது யோசிப்பாள். துணி காயப்போடும்போதும் யோசிப்பாள்.

நிலையத்தில் காய்ந்த செடிகளை அட்டையில் ஒட்டித் தைக்கும் அம்மாள் ஒருத்தி இருந்தாள். எல்லோருக்கும் ஒட்டுக்காரம்மா. பசை வாளியைக் கலக்கிக்கொண்டே அவள் ஒருநாள் சொன்னாள்: "செடியை ஒட்டத்தான் எனக்குச் சம்பளம். உங்க வீட்டுக்காரரும் அந்தம்மாவும் ஒட்டிக்கிட்டே சுத்தறதுக்கு யாருக்குச் சம்பளம்னு தெரியல." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நெட்டையும் சிரித்தாள். சிரித்து முடித்து மேசைக்கு வந்து, அன்று தொட்ட முதல் கோட்டிலேயே மையைச் சிந்தினாள்.

அவர்கள் நடுவில் அப்படி ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் இன்னும் எரிந்தது. அப்படி ஏதாவது இருந்திருந்தால் சண்டை போடலாம், அழலாம், மகளைக் கூப்பிட்டுச் சொல்லலாம். ஒரு செடியின் தண்டைச் சட்டைக் கைபோலச் சுற்றியிருக்கும் செதிலைப் பற்றி இரண்டு பேர் அரை மணி நேரம் பேசுகிறார்கள் என்று யாரிடம் போய் முறையிடுவது? அந்தச் செதிலைப் பற்றி அவளுக்கும் சொல்வதற்கு இருந்தது. யாரும் கேட்கவில்லை. வரைவதற்குத்தானே அவள். எல்லாம் முடிவானபின் கடைசியில்தான் படம் வரும்.

அந்தச் செடிக்கு ஒட்டுகிற இலை, ஒரு காம்பில் மூன்றாக. காயின் நுனியில் கொக்கிபோல ஒரு வளைவு. கடல் கடந்து கால்நடைத் தீவனத்துக்காகப் பல நாடுகளுக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு செடியை அப்படியே உரித்து வைத்திருந்தது. அதுதான் இது என்று குட்டை முதலில் சொன்னாள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தத் தீவனச் செடியில் ஒவ்வொரு காயின் அடியிலும், காயோடு ஒட்டாமல், மெல்லிய இழைபோல ஒரு குச்சி துருத்திக்கொண்டிருக்கும். கரைமேட்டுச் செடியில் அவர் பார்த்தவரை அது இல்லை. குச்சி இல்லையென்றால் அது வேறு செடி. வேறு என்றால், இதுவரை யாரும் பெயர் வைக்காத செடி. அவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒன்றிரண்டு செடிகளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர்களின் வாலில் அவர்கள் பெயரும் காலத்துக்கும் ஒட்டிக்கொண்டு நிற்கும். அவருக்கு மட்டும் ஒன்றும் வாய்க்கவில்லை. ஓய்வு பெறும் காலமும் நெருங்கிவிட்டது. அவர் பேசப் பேச, குட்டையின் "இல்லை" கொஞ்சம் கொஞ்சமாக "இருக்கலாம்" ஆனது. முற்றிய காயை மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குள் நெருங்கிய சொந்தத்தில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போகவேண்டி வந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார்: "பேர் முடிவு பண்ணிட்டேன். மொதல்ல பாத்தவங்க பேரையே வெக்கறதுதான் மரியாதை." கரண்டியால் குட்டையைக் காட்டினார்.

கல்யாணமான புதிதில், இதே மனிதர், ஒரு மலைச்சரிவில் இவள் பாதத்திலிருந்து முள் எடுத்துக்கொண்டே சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. புதுச் செடி கிடைத்தால் உன் பெயர்தான், வேறு பேச்சே இல்லை. பிறகும் சில வருடங்கள் அது வீட்டில் ஒரு வேடிக்கையாக இருந்தது. குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தால், "உன் பேர்ல வெக்கற செடி உப்பங்கழியிலதான் வளரும்" என்பார். எப்போது அது நின்றது என்று தெரியவில்லை. நின்றுபோனதுகூட அவளுக்குக் குறையாக இருந்ததில்லை, அந்தக் கரண்டி வேறு பக்கம் நீள்கிறவரை.

"வேணாம் சார்," என்றாள் குட்டை. முகம் சிவந்துவிட்டது. "உறுதியாகட்டும் மொதல்ல."

"நல்லாத்தானே இருக்கு," என்றாள் நெட்டை. "அழகான பேரு. இன்னும் கொஞ்சம் சாதம் வெக்கட்டுமா?"

குட்டை ஊரில் இல்லாத நாட்களில்தான் படம் வரையும் வேலை வந்தது. படத்துக்கு முற்றிய காய் வேண்டும். அவருக்குக் கூட்டம் இருந்ததால் நெட்டை தனியாகவே கரைமேட்டுக்குப் போனாள். அங்கே கழி நட்டுக் கயிறு கட்டி, அரிய செடி, பறிக்காதீர்கள் என்று பலகையும் வைத்திருந்தார்கள். அவருடைய ஏற்பாடு. சாலையோரம் புல் வெட்டுகிறவர்களின் மேஸ்திரி நிழலில் உட்கார்ந்து வெற்றுக் குவளையை உருட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்களும் அந்தப் பூ பாக்கத்தான் வந்தீங்களாம்மா?" என்றார். "எங்க ஆளுங்க அந்தப் பக்கம் தலை வெக்கக் கூடாதுன்னு உத்தரவு. மேட்டு மண்ணு சரியாம இருக்கறதுக்குன்னு வெளியூர்லேர்ந்து விதை மூட்டை வந்துச்சு, நாங்கதான் தெளிச்சோம். அதுல வந்துச்சோ என்னவோ. இப்ப கீழ மேய்ச்ச தரையிலயும் மொளைக்குது. ஆடு மாடு கால்ல ஒட்டிக்கிட்டே போவுதுல்ல."

"இதைச் சாரிட்டச் சொன்னீங்களா?"

"அவர் எங்கம்மா கேக்கறார். பூவையே பாத்துட்டு இருக்கார்."

அவள் காய்களைப் பறித்துக்கொண்டு திரும்பினாள். வழியெல்லாம் அந்த மூட்டை மனதில் கனத்தது. ஆனாலும் அது மேஸ்திரியின் ஊகம்தான், உறுதியாக யாருக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டாள்.

நுண்ணோக்கியின் அடியில் முதல் காயை வைத்தபோதே அது இருந்தது. காயின் அடியில், பக்கவாட்டில், வெள்ளை ரோமம் போர்த்திய ஒரு சின்னக் குச்சி. நூலிழையாக இருக்கும் என்று ஊசியால் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. அடுத்த காயிலும் இருந்தது. கைக்கு வந்த எல்லாக் காயிலும் இருந்தது. பூவாக இருக்கும்போது செதில்களுக்குள் ஒளிந்துகொண்டு, காய் முற்றிச் செதில் விரிந்தபின் வெளியே தலைகாட்டுகிறது. அவர் பார்த்ததெல்லாம் பூ. அவ்வளவுதான் விஷயம். ஏற்கெனவே பெயர் உள்ள செடி. எங்கெங்கோ வேலியோரத்தில், ரயில் பாதை ஓரத்தில், யாரும் திரும்பிப் பார்க்காமல் மண்டிக்கிடக்கும் களை.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். முதலில் வந்தது சந்தோஷம். சந்தேகமே இல்லாத, இனிப்புத் தின்றது போன்ற சந்தோஷம். குட்டையின் பெயர் இதற்கு வராது. பிறகு, அதைவிட மெதுவாக, இன்னொன்று வந்தது. சொன்னால்தானே வராது. சொல்லாவிட்டால் வரும். அச்சில் வரும். பயறு வகைக் குடும்பத்தில் பெரிய ஆளான ஒருத்தியின் பெயர், தெருவோரக் களை ஒன்றுக்குச் சூட்டப்பட்டு, உலகத்தில் அந்தக் குடும்பத்தைப் படிக்கிற அத்தனை பேரும் பார்த்துச் சிரிக்கிற மாதிரி வரும். அவர் மானமும் சேர்ந்துதான் போகும். போகட்டும். காலையில் காலணி மாட்டிக்கொண்டு நின்றாரே.

கொக்கியை வரைந்தாள். காயின் வலைப்பின்னல் நரம்புகளைப் புள்ளி புள்ளியாக வைத்தாள். அடிப்பகுதிக்கு வந்தபோது பேனா ஒரு நொடி நின்றது. பிறகு அந்த இடத்தை அப்படியே வெள்ளையாக விட்டுவிட்டு அடுத்த கோட்டுக்குப் போனது. இத்தனை வருடத்தில் கண்ணில் பட்ட ஒன்றை அவள் வரையாமல் விட்டது அதுதான் முதல் தடவை.   படம் அவள் வரைந்ததிலேயே அழகாக வந்திருந்தது.

அவர் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காயின் அடியில் விரலை வைத்து, "பாத்தியா, சுத்தமா இல்ல," என்றார். சின்னப் பையன்போல நிலையம் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினார். ஒட்டுக்காரம்மாகூடக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

குட்டை ஊரிலிருந்து வந்த அன்று மத்தியானம், நெட்டையின் அறைக் கதவைத் தட்டாமல் வந்து நின்றாள். பயணக் களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது. ஒரு கையில் படம், இன்னொரு கையில் காகிதத்தில் மடித்த காய்கள். நெட்டை தன் மேசை மேல் மிச்சம் வைத்திருந்த அதே காய்கள்; அவள் இல்லாத நேரத்தில் எடுத்திருக்க வேண்டும்.

"கொக்கி ரொம்ப நல்லா வந்திருக்கு," என்றாள்.

"தேங்க்ஸ்."

"கீழ ஒண்ணு விட்டுப்போச்சு."

"எது?"

குட்டை காகிதத்தைப் பிரித்துக் காய்களை மேசையில் வைத்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தூசியா இருக்கும்னு நெனச்சேன்," என்றாள் நெட்டை.

"எல்லாக் காய்லயுமா தூசி? நீ தூசியைக்கூட இது தூசின்னு தெரியற மாதிரி வரையறவ." கதவை மெல்லச் சாத்தினாள். "எதுக்குடி?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். கண் வலி, அவசரம், வெளிச்சம் போதவில்லை. வாயில் வந்தது வேறு. "உன் பேரு வெக்கப் போறார்ல. வெச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்."

"ஊரே என் பேரைச் சொல்லிச் சிரிக்கும்னு தெரிஞ்சே?"

"தெரிஞ்சே."

குட்டை எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் தரையில் சரியாக எட்டவில்லை. எந்த நாற்காலியிலும் எட்டாது. படத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள். அழப்போகிறாளோ என்று நெட்டை பயந்தாள். அழவில்லை.

"கல்யாணத்துல அண்ணான்னு கூப்ட்ட," என்றாள் நெட்டை. சொல்லும்போதே அது எவ்வளவு சின்னதாக ஒலிக்கிறது என்று அவளுக்கே கேட்டது.

"என்னது?"

"இப்ப சார்ங்கற."

"பதவியில எனக்கு மேல இருக்கறவரை அண்ணான்னு கூப்ட்டு, அந்த அண்ணா தப்புன்னு கூட்டத்துல எப்படிடி சொல்றது?" அவள் குரல் உயரவில்லை. "மூணு எடத்துல எனக்கு வேலை இருந்துச்சு. இந்த ஊர்ல என்ன இருக்குன்னு வந்தேன்னு நெனக்கற? மாடியில ரெண்டு நாற்காலி போட்டு வெச்சிருக்கியே, ஒரு நாளாவது நீ ஏறி வந்தியா? தெனமும் சாப்ட்டு மேல போய் உக்காந்திருப்பேன். நீ பாத்திரம் கழுவற சத்தம் கேக்கும். அப்புறம் விளக்கணைக்கற சத்தம் கேக்கும்."

நெட்டை பேனாவின் மூடியைத் திருகினாள். மேலே போய்விட்டவள் கீழே இறங்கி வரட்டும் என்று தானும் ஒவ்வொரு நாளும் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்ததைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது சமாதானம்போல இருக்கும் என்று தோன்றியது. சமாதானம் கேட்கிற இடத்தில் அவள் இல்லை.

குட்டை எழுந்தாள். "அவர்ட்ட நானே சொல்லிக்கறேன். காயை நான் பாத்தேன், இருக்குன்னு சொல்வேன். படத்தைப் பத்திப் பேச மாட்டேன்." கதவருகே நின்றாள். "எனக்கு வீடு கெடைச்சிருச்சு. நாளைக்கே மாறிக்கறேன்."

அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்தபோது செருப்பை உதறிய வேகத்திலேயே தெரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தார்.

"உன் ஃப்ரெண்டுக்கு வயித்தெரிச்சல்," என்றார். "பேரு வேணாம் வேணாம்னு சொன்னாளே, எதுக்குன்னு இப்பல்ல புரியுது. அவ பேரு போட்டாலும் வாலுல என் பேருல்ல நிக்கும். அது பொறுக்கல. இதே குடும்பத்தைக் கரைச்சுக் குடிச்சவ, அவளுக்கு இல்லாம எனக்குக் கெடைச்சிருச்சேன்னு பொறாமை. குச்சி இருக்காம். எங்கேயோ வேற செடியில பாத்துட்டு வந்து உளர்றா."

அவள் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். "வேற செடியா?"

"பின்ன? படத்துலயே இல்லையே. நீ வரைஞ்சதுல இல்லைன்னா செடியிலயும் இல்ல. அப்படித்தான் சொன்னேன் அவகிட்ட. இந்த நிலையத்துல என் கண்ணைக்கூட நான் நம்ப மாட்டேன். உன் கண்ணை நம்புவேன்னு சொன்னேன்."

எத்தனையோ வருடங்களாக இப்படி ஒரு வார்த்தைக்கு அவள் காத்திருந்தாள். கட்டுரைகளின் அடியில் பொடி எழுத்தில் படம் என்று போட்டுத் தன் பெயர் வரும்போதெல்லாம், ஒரு தடவையாவது இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டாரா என்று நினைத்திருக்கிறாள். சொல்லிவிட்டார். மனம் தன்னையறியாமல் அந்த வார்த்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. கூடவே, வரையாமல் விட்ட அந்த வெள்ளை இடமும் கண்ணில் வந்து நின்றது. சும்மா இருந்தால் போதும். எல்லாம் அவள் பக்கம் வந்துவிட்டது. அவர் நம்பிக்கை வந்துவிட்டது, மாடி அறை காலியாகப்போகிறது, நாளையிலிருந்து காலையில் வாசலில் யாரும் காலணி மாட்டிக்கொண்டு நிற்கப்போவதில்லை.

அவள் சும்மாதான் இருந்தாள். குட்டை பெட்டியை இறக்கிக் கொண்டுபோனபோதும் ஒரு பக்கத்தைப் பிடித்து உதவினாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை. நிலையத்தில் இரண்டு பேரும் எதிர்ப்பட்டால் குட்டை சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள். குட்டை வேலையைக் கெடுக்கிறாள் என்று கணவர் இயக்குநரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார் என்று ஒட்டுக்காரம்மா சொன்னாள். "நேத்துவரைக்கும் ஒட்டிக்கிட்டிருந்தாங்க, இன்னிக்கு ஒரே பிய்ச்சல்," என்றாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. "அந்தம்மா பாவம், தனியா உக்காந்து சாப்பிடுது."

தனியா என்ற அந்த வார்த்தைதான். வேறெதுவும் அவளை அசைக்கவில்லை, அதுவரை. பசைநாற்றம் வீசும் அந்தத் தாழ்வாரத்தில், குட்டையின் முதுகு தூரத்தில் சாப்பாட்டு டப்பாவுக்கு மேல் குனிந்திருப்பதைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. வேறு யாராவது போய் அதில் உட்கார்ந்துவிட்டால் என்ற நினைப்பு வந்ததும் நெஞ்சில் சுருக்கென்றது. அதே எரிச்சல். இத்தனை நாளும் வந்த அதே எரிச்சல்தான். இந்தத் தடவை நடுவில் கணவர் மட்டும் இல்லை. அப்போது இத்தனை நாளும் அது யாருக்காக வந்தது என்று அவளுக்குக் குழம்பியது.

அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். நுண்ணோக்கியில் ஒரு காயை வைத்து, வெளிச்சத்தைத் திருப்பிவிட்டு நகர்ந்து நின்றாள். "பாருங்க," என்றாள்.

அவர் குனிந்தார். திருகைத் திருப்பினார். திரும்பவும் திருப்பினார். அவள் பேசாமல் அடுத்த காயை மாற்றி வைத்தாள். அதற்கடுத்ததையும். அவர் கழுத்தின் பின்புறம் மெல்லச் சிவந்து, பிறகு வெளுத்தது.

"இது கரைமேட்டுதா?"

"நானே பறிச்சது. வெளியூர் விதை மூட்டை தெளிச்சோம்னு மேஸ்திரியும் சொன்னார்."

"எப்போ பாத்த?"

"வரையறதுக்கு முன்னாடி."

கண்ணை லென்ஸிலிருந்து அவர் எடுக்கவே இல்லை. அங்கே இன்னும் ஏதோ இருப்பதுபோல, அல்லது நிமிர்ந்தால் அவளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதுபோல.

"அப்போ படம்?"

"பொறாமை அவளுக்கில்ல," என்றாள். "எனக்கு."

வெளியே யாரோ அலமாரிக் கதவை இழுத்து மூடினார்கள். அவர் முதுகு ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தது. கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"யார் மேல?" என்றார் கடைசியில், மெதுவாக. உண்மையிலேயே தெரியாமல் கேட்கிற குரல்.

"அதுதான் எனக்கும் சரியாத் தெரியல."

கட்டுரை போகவில்லை. அந்த வாரமே இயக்குநர் ஆள் அனுப்பிக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். வெளியிலிருந்து வந்த களை மேலும் பரவாமல், காய் உதிர்வதற்குள் மேட்டையும் கீழே மேய்ச்சல் தரையையும் சுத்தம் செய்ய வேண்டும் என்று, கை ஒழிந்த எல்லோரையும் வேனில் ஏற்றிவிட்டார்கள். அவரும் வந்தார். யாரோடும் பேசாமல், மேஸ்திரி கொடுத்த சாக்கைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் நின்றார். பிடுங்கிய செடிகளை ஆட்கள் கொண்டுவந்து போடப்போட, சாக்கின் வாயை அகல விரித்துக் கொடுத்தார். வீட்டில் அவர் அவளோடு பேசுவது அளவாகத்தான் இருந்தது. உப்பு, மின்விசிறி, கதவு. படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் திருத்தி வரைந்து மேசையில் வைத்த படத்தை எடுத்துக்கொண்டதாக மட்டும் தெரிந்தது.

சரிவின் அந்தக் கோடியில் குட்டை ஏற்கெனவே வேலையைத் தொடங்கியிருந்தாள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, வேரோடு ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வந்துவிடும், வேர் மண்ணிலேயே தங்கி மறுபடி துளிர்க்கும். நெட்டை வருவதை அவள் பார்த்திருக்க வேண்டும். திரும்பவில்லை. நெட்டை அவளருகில் போகக் காலெடுத்து, பிறகு நின்று, மேட்டின் இந்தக் கோடிக்கே வந்து உட்கார்ந்தாள். முதல் செடியைப் பிடித்தாள். பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. மழை பெய்த மண் என்பதால் வேர் மெதுவாக நெகிழ்ந்து கொடுத்தது.

கைக்கெட்டும் தூரம் பிடுங்கியதும் நகர்ந்து உட்கார்ந்தாள். அங்கே குட்டையும் நகர்வது ஓரக்கண்ணில் தெரிந்தது. தன் பக்கமாகவா, வரிசை போகிற பக்கம் அதுவாக இருப்பதாலா என்று தெரியவில்லை. வெயில் ஏறியது. மேலே லாரிகள் போகும்போதெல்லாம் மேடு அதிர்ந்தது. இரண்டு பேர் முதுகுக்குப் பின்னாலும் கிளறிய மண் கறுப்பாக விரிந்துகொண்டே வந்தது. நடுவில், காற்றில் ஒரே பக்கம் சாய்ந்து நிமிர்ந்தபடி, இன்னும் வெகு நீளத்துக்கு மஞ்சளாகவே இருந்தது.